ஹட்டனிலிருந்து திருச்சி: ஒரு மணித்தியாலப் பறப்புக்கு ஒரு முழு நாள்

கொழும்பிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று போனில் தட்டிப் பார்த்தால் எல்லாத் தளங்களும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லும். நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர், பறக்க ஒரு மணித்தியாலம். பதில் சரிதான், ஆனால் அது கொழும்பு விமானங்கள் புறப்படும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கான பதில். மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து புறப்படுகிறவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் மொத்தப் பயணத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. அதனால் நான் விமானத்துக்கு மட்டும் மதிப்பெண் போடப் போவதில்லை, எங்கள் தோட்டத்து லயம், அதாவது வரிசை வீட்டு வாசலிலிருந்து புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டு வாசல் வரைக்கும் சேர்த்து எழுதுகிறேன். அம்மாவோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த அனுபவம் இது. தனியாக, கையில் ஒரு பையோடு போகிறவருக்குக் கொஞ்சம் லேசாக இருக்கலாம்.

முதலில் இந்தத் தூரம் காட்டும் தளங்களைப் பற்றி. இரண்டு நகரங்களின் பெயரைப் போட்டால், பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள ஆகக் குறுகிய தூரத்தைத் தரும். அப்புறம் அதை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க என்று அரை மணித்தியாலம் கூட்டி, இதுதான் பயண நேரம் என்று போட்டுவிடும். ஜெட் விமானம் மேலே போய் நிதானித்த பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் போகும், அந்தக் கணக்கில் 420 கிலோமீட்டருக்கு அரை மணித்தியாலம் போதும். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் உள்ள ஊருக்கு அந்த வேகத்தில் போகக் கிடைப்பதே கொஞ்ச நேரம்தான், ஏறுவதற்கு ஒரு பதினைந்து இருபது நிமிடம், இறங்க அதே அளவு, நடுவில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கோப்பையைத் திரும்ப வாங்கும் நேரம் மட்டும் நேராகப் பறக்கிறது. அதனால்தான் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போட முடியாது என்கிறேன். சென்னை கொழும்பிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர், திருச்சியைவிட ஒன்றரை மடங்கு, ஆனால் அட்டவணையில் இருபது நிமிடம் கூடினாலே அதிகம். மதுரை 355 கிலோமீட்டர்தான், அதற்கும் ஏறக்குறைய திருச்சி நேரமே போட்டிருப்பார்கள். டிக்கெட்டில் எழுதியிருக்கிற நேரம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து அல்ல, நிறுத்திய இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

நேர வித்தியாசம் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாட்டிலும் ஒரே மணிதான். 1996இல் இங்கே மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள், 2006 சித்திரையில்தான் பழைய நேரத்துக்கு வந்தது. அதற்கு இடையில் போனவர்கள் பத்து மணிக்கு ஏறிப் பத்தரைக்குத் திருச்சியில் இறங்கியிருப்பார்கள், கேட்க நன்றாக இருக்கிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் மணியைப் பார்த்து ஏமாறுவது. அது 2,700 கிலோமீட்டருக்கு மேல், நான்கு மணித்தியாலத்தை ஒட்டிய பறப்பு, ஆனால் அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுவதால் போகும்போது ஆறரை மணித்தியாலம் போலவும் வரும்போது ஒன்றரை போலவும் டிக்கெட்டில் தெரியும்.

சரி, திருச்சிக்கு வருவோம். இந்த வழியில் எனக்கு ஆகப் பிடித்தது அந்த நேர்கோடுதான். கட்டுநாயக்கவுக்கும் திருச்சிக்கும் நடுவே படத்தில் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். கற்பிட்டியை வலப்பக்கம் விட்டுவிட்டுக் கடலுக்கு மேலே போய், மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் மேலாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, புதுக்கோட்டையைத் தொட்டுக்கொண்டு திருச்சியில் முடியும். விமானம் அன்றன்றைக்குக் கொஞ்சம் இப்படி அப்படிப் போகும், ஆனால் போக்கு அதுதான். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த காலத்தில் எங்கள் பாட்டன் பூட்டன்மாரை நாட்கணக்கில் அடைத்து வைத்து நோய் பார்த்து அனுப்பிய முகாம் மண்டபத்தில்தான் இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியபோது இரண்டு பக்கமும் ரயிலோடு சேர்த்து ஒரே பயணமாக்கினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. அதே 1964இல் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் ஆட்கள் மலையிலிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னாருக்கு இறங்கி அந்தக் கப்பலில்தான் போனார்கள், எங்கள் அப்பாயியின் தம்பி குடும்பமும் அதில் ஒன்று. அவருடைய பேரப்பிள்ளைக்குத்தான் கல்யாணம். போரோடு கப்பலும் நின்றது. 2023இல், எங்கள் ஆட்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் என்பதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் பழைய பாதையிலேயே நடந்து வந்தார்களே, அந்தப் பாதையில் போனவர்களின் மிச்சச் சொந்தம்தான் இப்போது ஒரு மணித்தியாலத்தில் பறக்கிறோம் என்று பெருமைப்படுகிறது.

ஆகவே இருக்கை எடுக்கும்போது போகையில் வலப்பக்க ஜன்னல், எஃப் வரிசை. வானம் வெளித்திருந்தால் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் ராமேஸ்வரமும் அந்தப் பக்கம்தான் வரும். திரும்பும்போது இடப்பக்கம், ஏ வரிசை. இறக்கைக்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ எடுங்கள், நடுவில் உட்கார்ந்தால் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மா சன்னலோரம் வேண்டாம் என்று அடம்பிடித்துவிட்டுக் கடல் முடிந்து கரை தெரிந்ததும் என் மடிமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

இனி இந்தப் பயணத்தின் நோகிற பகுதி, ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க. படத்தில் அளந்தால் நேர்கோட்டில் 85 கிலோமீட்டர்தான் வரும். திருச்சியின் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதைக் கடக்க நல்ல நாளில் நாலரை, சாதாரண நாளில் ஐந்து மணித்தியாலம். கினிகத்தேனை, கித்துள்கலை, எட்டியாந்தோட்டை, கரவனல்லை என்று இறங்கி அவிசாவளைக்குப் போகும்வரைக்கும் வளைவுதான், வேகம் போக வழியே இல்லை. அவிசாவளைக்குப் பிறகு டிரைவர்மார் இரண்டு கட்சி. ஒரு கட்சி கொழும்புக்குள் போய் நெரிசலில் மாட்டும். மற்றக் கட்சி ஹங்வெல்லையைத் தாண்டிக் கடுவெலையில் வெளிச்சுற்று அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியவில் கட்டுநாயக்கப் பாதைக்கு மாறி, நேராக விமான நிலையத்துக்கே போய்விடும். இரண்டாவதைச் செய்யச் சொல்லுங்கள், பாதைக் கட்டணத்தை நாமே கொடுத்துவிடலாம், அந்தக் காசு வீணாகாது. 2019இல் கடவத்தைக்கும் கெரவலப்பிட்டியவுக்கும் நடுவே இருந்த துண்டைத் திறந்த பிறகுதான் இந்த வழி முழுமையானது, அதற்கு முந்தைய காலத்து ஞாபகத்தில் இருக்கிற டிரைவர்மார் இன்னும் பேலியகொடைப் பக்கம்தான் திருப்புவார்கள்.

எங்களுக்கு வாய்த்த வேன்காரர் விடியற்காலை மூன்று மணி என்று சொல்லி நாலு மணிக்கு வந்தார், வழியில் இன்னும் இரண்டு குடும்பத்தை ஏற்றினார், அதைப் பேசும்போது சொல்லவில்லை. கேட்டால் "ஒரே பக்கம்தானே அண்ணே" என்கிறார். கித்துள்கலை வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றி இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. தேசிக்காயும் இஞ்சித் துண்டும் கையில் வைத்திருங்கள், விமானத்துக்கு அல்ல, இந்த இறக்கத்துக்கு. தனி வேன் என்றால் தனி வேன் என்று முன்கூட்டியே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். மலிவாகப் போக நினைத்தால் ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ், அங்கிருந்து 187 இலக்க பஸ்ஸில் விமான நிலையம், தனியாக, சாமான் குறைவாகப் போகிறவர்களுக்கு அது தாராளம். அம்மா, இரண்டு பெட்டி, கல்யாணச் சீர் என்று வைத்துக்கொண்டு அப்படிப் போக முடியாது.

மழைக்காலத்தில் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை நேராக நம் பக்கத்து மலையில்தான் மோதுகிறது, கினிகத்தேனைக்குக் கீழே எங்காவது மண் சரிந்தால் பாதை ஒரு பக்கம் மட்டும் திறப்பார்கள், அல்லது மூடியே விடுவார்கள். அந்த மாதங்களில் காலை விமானம் எடுத்திருந்தால் முதல் நாளே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்கிவிடுவதுதான் நல்லது. ஒரு இரவு அறைக்காசு, விட்டுப்போன டிக்கெட்டைவிட எவ்வளவோ குறைவு. பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்கு எந்த மாதமாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன், அவர்களுக்கு நம்மைவிட இன்னும் இரண்டு மணித்தியாலமாவது கூட. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் வந்து போனதுண்டு, அரை மணித்தியாலத்தில் கொழும்புப் பக்கம் போய்விடுமாம். கொழுந்துக் கூடையோடு கரையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி.

விமான நிலையத்தில் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூன்று மணித்தியாலம் முன்னுக்கு வரச் சொல்வார்கள், ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலமா என்று அம்மா கேட்டது நியாயம்தான், ஆனால் சர்வதேசப் பயணம் என்றால் மெல்பேர்னுக்குப் போகிறவருக்கும் திருச்சிக்குப் போகிறவருக்கும் வரிசை ஒன்றுதான். டிக்கெட் விலையும் இப்படித்தான், தூரம் குறைவு என்பதற்காகக் குறையாது. விமான நிலைய வரிகள் டிக்கெட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்கும், பயணம் குறுக்கக் குறுக்க மொத்த விலையில் வரியின் பங்கு கூடிக்கொண்டே வரும். நான் பார்த்த ஒரு தளம் மலிவு என்று காட்டியது கொழும்பு–சென்னை–திருச்சி. சென்னையில் குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்துக்கு இழுத்துக்கொண்டு போய், மறுபடி வரிசை. மிச்சம் பிடிக்கிற காசு சென்னையில் சாப்பாட்டுக்கே போய்விடும். நேரடி விமானம் இருக்கிற நாளாகப் பார்த்துப் பயணத்தை வையுங்கள், எல்லா நாளும் ஒரே நேரத்துக்கு இருக்கும் என்று நினைக்காமல் அந்த வாரத்து அட்டவணையைப் பாருங்கள்.

பறப்பு எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. புறப்பட முக்கால் மணித்தியாலம் தாமதம், காரணம் யாரும் சொல்லவில்லை, ஏறின பிறகு சொன்ன நேரத்துக்குள் இறக்கிவிட்டார்கள். காது அடைக்கும் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள் அம்மாவை. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதைப் போலத்தான் வைப்பார்கள், நுவரெலியாவே 1,868 மீட்டர், நமக்கு அதில் என்ன புதுசு? அம்மாவுக்குக் காது அடைத்தது எட்டியாந்தோட்டைக்கு இறங்கும்போதுதான், விமானத்தில் ஒன்றுமே இல்லை. இதோடு சேர்த்து ஒரு முறைப்பாடு. விமானத்தில் தேத்தண்ணி நன்றாக இல்லாததற்கு மேலே தண்ணீர் சரியாகக் கொதிக்காததுதான் காரணம் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நுவரெலியாவிலும் 94 பாகைக்குக் கிட்டத்தில்தான் தண்ணீர் கொதிக்கிறது, அங்கே குடிக்கிற பிளேன்டீக்கு என்ன குறை? தூளும் கையும்தான் விஷயம். கொடுத்த கடதாசிப் பெட்டிச் சாப்பாட்டைத் திறந்து மூடுவதற்குள் இறங்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து சாப்பிடக் கொடுங்கள்.

திருச்சியில் புதிய முனையம், 2024 ஜனவரியில் திறந்து வைத்து ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. பழையதைப் பார்த்தவர்களுக்கு இது வேறு ஊர். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் நிறங்களைக் கூரை முகப்பில் கொண்டுவந்திருக்கிறார்கள், அம்மா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். வரிசை நகர்கிறது, ஆனால் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு விமானம் நமக்குச் சற்று முன்னால் இறங்கியிருந்தால் ஒரு மணித்தியாலம் நிற்கத் தயாராக இருங்கள். சுங்கத்தில் தங்கத்தைப் பற்றிக் கேட்பார்கள், கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு இறங்கினால் கேள்வி கூடும், அங்கே இருக்கிற சொந்தத்தில் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வது நிம்மதி.

இங்கேதான் திருச்சி மற்ற எல்லாவற்றையும் அடிக்கிறது. விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டைப் பாதையில். வெளியே வந்து ஊருக்குள்ளே போகாமலே எதிர்ப்பக்கம் திரும்பினால் ஒரு மணித்தியாலத்துக்குள் புதுக்கோட்டை, நேரான பாதை, வளைவு என்று ஒன்று வந்தால் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கிறார், "இதையா வளைவு என்கிறார்கள்" என்று. மற்ற ஊர்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும், 2025இல் பஞ்சப்பூரில் புதிய பஸ் நிலையம் வந்த பிறகு வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான், பழைய ஞாபகத்தில் மத்திய பஸ் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டாம்.

மற்ற வழிகளையும் ஒரு பார்வை பார்த்தேன். சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் சொந்தம் இருந்தால் மதுரைதான் சரி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சென்னையில் இறங்கி ரயிலில் வருவது வேறு வேலையும் சென்னையில் இருந்தால் மட்டும். யாழ்ப்பாண வழிதான் இப்போது எல்லோரும் கேட்பது. பலாலியை 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், 2025இலிருந்து அங்கிருந்து திருச்சிக்கும் விமானம் விட்டிருக்கிறார்கள். நேர்கோட்டில் 185 கிலோமீட்டர் போலத்தான், கொழும்பு வழியில் பாதிகூட இல்லை. ஆனால் அது விசிறி வைத்த சின்ன விமானம், ஜெட்டின் வேகம் கிடையாது, அதனால் அட்டவணையில் பெரிய லாபம் தெரியாது. ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து போய்ப் பலாலியில் ஏறுவதற்கு, கட்டுநாயக்கவே கிட்ட. மாத்தளைக்காரர் யோசித்துப் பார்க்கலாம், வவுனியாவில் போய்க் குடியேறிய நம் ஆட்களுக்கு அதுதான் வழி.

திரும்பும் பயணத்துக்கு விமானம் தெரிவு செய்யும்போது விலையைப் பார்க்காதீர்கள், கட்டுநாயக்கவில் இறங்கும் மணியைப் பாருங்கள். மத்தியானத்துக்கு முன்னால் இறங்கினால் இருட்டுவதற்குள் வீடு. பின்னேரம் இறங்கினால் அவிசாவளைக்குப் பிறகு இருட்டு, கினிகத்தேனைக்கு மேலே மூடுபனி, விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டிக் களைத்த டிரைவர். நாங்கள் பின்னேர விமானம் எடுத்தோம், வேறு கிடைக்கவில்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து பதுளைக்கு இரவுக் கோச்சி ஓடுகிற நாளென்றால் அதில் இடம் பிடித்துக்கொண்டு வரலாம், ஹட்டனில் விடியும் முன்பே இறக்கிவிடும், குளிருக்குச் சால்வையைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் கையில் வைத்திருங்கள். அந்த வேன்காரரை மறுபடி கூப்பிடவில்லை. விமானத்துக்கு ஐந்துக்கு நாலு போடலாம், திருச்சி முனையத்துக்கும் நாலு, வேனுக்கு ஒன்று, அதுவும் கடுவெலையில் பாதை மாறச் சொன்னதும் முகம் சுளிக்காமல் மாறினார் என்பதற்காக. யாராவது நுவரெலியாவிலிருந்து கண்டி, வரக்காப்பொலை வழியாகப் போயிருந்தால் எத்தனை மணித்தியாலம் பிடித்தது என்று சொல்லுங்கள், அடுத்த தடவை சின்னம்மாவைத் தலவாக்கலையிலிருந்து கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.